கிளினிக் போன நாளுக்கும் பேர் போடு!

சீனி வருத்தம் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு வருவது, தேங்காய் உரிக்கிறவனுக்கும் தும்பு அலசுகிறவளுக்கும் அது எட்டாது என்ற பேச்சு எங்கள் லயங்களில் இன்னும் இருக்கிறது. முந்தல் பக்கமும் கேட்கிறோம், மாதம்பைப் பக்கமும் கேட்கிறோம். தோட்ட நிர்வாகங்களுக்கு இதைவிட வசதியான பேச்சு வேறு கிடையாது. வராத நோய்க்கு யார் பரிசோதனை கேட்கப் போகிறார்கள்?

வருகிறது, தோழர்களே. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே வருகிறது. கர்ப்பகால நீரிழிவு என்று கிளினிக் அட்டையில் எழுதுகிறார்கள். முன்பு சீனி வருத்தமே இல்லாத பெண்ணுக்கு, மெலிந்த பெண்ணுக்கு, காலையிலிருந்து மாலை வரை கூடை சுமக்கிற பெண்ணுக்கு வருகிறது. கூட வேலை செய்யும் சிங்களச் சகோதரிகளுக்கும் முஸ்லிம் சகோதரிகளுக்கும் அப்படியே.

இது எப்படி வருகிறது என்று முதலில் விளங்கிக்கொள்வோம். விளங்காதவரை பழி தாயின் தலையில்தான் விழும். பிள்ளை வளர வளர நஞ்சுக்கொடியிலிருந்து சில ஓமோன்கள் சுரக்கின்றன. தாயின் உடம்பில் இன்சுலின் செய்கிற வேலையை அவை மந்தப்படுத்தும். பிள்ளைக்குச் சாப்பாடு தட்டுப்படக்கூடாது என்று உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பெரும்பாலான தாய்மாருக்குச் சதையி கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். சிலருக்கு ஈடுகட்ட முடியாமல் போகும். அப்போது இரத்தத்தில் சீனி ஏறும். தாயின் இரத்தத்திலுள்ள சீனி பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. ஆகவே பிள்ளை தன் சின்னச் சதையியாலேயே கூடுதலாக இன்சுலின் சுரந்து கொழுத்து வளரும். ஊரார் ‘கொழுகொழுவென்ற பிள்ளை’ என்று மெச்சுவார்கள். அந்தப் பிள்ளை பிறக்கும்போது தோள் மாட்டலாம். கொடி வெட்டிய சில மணித்தியாலங்களுக்குள் அதன் சீனி திடீரென இறங்கலாம். தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறலாம். ஒன்றும் கவனிக்காமல் விட்டால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கவும் கூடும்.

இத்தனைக்கும் பெரும்பாலும் ஓர் அறிகுறியும் இருக்காது. களைப்பு, தாகம், அடிக்கடி சிறுநீர் எல்லாம் பிள்ளைத்தாய்ச்சிக்கு வழக்கமாக இருப்பதுதானே என்று விட்டுவிடுவோம். இரத்தத்தைப் பார்த்தால் ஒழிய இது தெரியாது.

பார்க்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது, இலவசமாகவே இருக்கிறது. கர்ப்பம் தரித்துக் கிளினிக்கில் பதியும்போது ஒரு தடவை, பிறகு 24ஆம் கிழமைக்கும் 28ஆம் கிழமைக்கும் இடையில் இன்னொரு தடவை. இரண்டாம் தடவை முக்கியமானது. நஞ்சுக்கொடியின் ஓமோன்கள் அப்போதுதான் பலக்கின்றன. இரவு முழுக்கச் சாப்பிடாமல் போக வேண்டும். முதலில் ஓர் ஊசி, பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், ஒரு மணித்தியாலத்தில் ஓர் ஊசி, இரண்டு மணித்தியாலத்தில் ஓர் ஊசி. உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்ன அளவு இது: வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலத்தில் 153. இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. இந்த எண்களை அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரத்தத்தின் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இலவசம் என்று சொன்னோம். யாருக்கு இலவசம்?

ஆராச்சிக்கட்டுப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வெறும் வயிற்றோடு விடியற்காலையில் புறப்படுகிறாள் என்று வையுங்கள். பெருவீதிக்கு நடை. பிறகு பஸ். வரிசை. மூன்று ஊசி முடியும்போது பகல் ஏறிவிடும். அதற்கு மேல் தோட்டத்துக்குத் திரும்பி வந்தால் கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போடுவாரா? போடமாட்டார். ஒரு நாள் சம்பளம் போயிற்று. பஸ் காசு போயிற்று. ஆலையில் தேங்காய்ப் பருப்பின் தோல் சீவுகிற பெண்ணுக்கு அதுகூட இல்லை. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவளுக்கு லீவு என்ற சொல்லே கிடையாது.

சீனி இருப்பதாகக் கண்டுபிடித்துவிட்டால் இழப்பு இன்னும் கூடுகிறது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வா, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரத்தம் பார்க்க வா என்பார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நோய் பிடித்தவளுக்குத்தான் அதிக நாள் சம்பளம் வெட்டு. நோய் இல்லை என்று பாசாங்கு செய்கிறவளுக்கு முழுப்பேர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் நம் பெண்கள் கிளினிக்கைத் தள்ளிப்போடுகிறார்கள். ‘தோட்டத்து ஆட்களுக்கு விளக்கம் இல்லை’ என்று சொல்லும் உத்தியோகத்தர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விளக்கம் இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்ததால்தான் வராமல் இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நமக்கு இருக்கிறது. 2018இல் அதைத் திருத்தினார்கள். மூன்றாம் பிள்ளை, நாலாம் பிள்ளை என்று பாராமல் எல்லாப் பிரசவத்துக்கும் 84 நாள் என்றானது. நல்லது. ஆனால் அந்த லீவு பிரசவத்துக்கு இரண்டு கிழமை முன்னால்தான் தொடங்குகிறது. சீனி பார்க்க வேண்டிய 24ஆம், 28ஆம் கிழமை அதற்கு எத்தனையோ கிழமை முந்தியது. ஆறாம் ஏழாம் மாதத்தில் நம் பெண்கள் நிரையில்தான் நிற்கிறார்கள். கிளினிக் நாளுக்குச் சம்பளம் கொடு என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. சர்வதேச தொழில் அமைப்பு 2000ஆம் ஆண்டில் செய்த 191ஆம் இலக்கப் பரிந்துரை, கர்ப்பிணி மருத்துவப் பரிசோதனைக்காக வேலைத்தலத்தை விட்டுப் போக உரிமை வேண்டும் என்கிறது. பரிந்துரைதான், கட்டாயம் அல்ல. சம்பளத்தைப் பற்றியும் அதில் பேச்சில்லை. ஆனால் 1939இல் நமக்கு இந்தக் கட்டளைச் சட்டத்தைத் தந்த வெள்ளைக்காரனின் சொந்த நாட்டில், 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டப்படி, கர்ப்பிணி கிளினிக் போகும் நேரத்துக்கு முதலாளி சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று எந்த முதலாளிமார் சங்கமாவது சொல்லட்டும், கேட்போம்.

நம் மாவட்டத்திலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. லுணுவிலவில் 1929 முதல் தென்னைக்கு ஆராய்ச்சி நடக்கிறது. வளர்ந்த தென்னைக்கு எந்தப் பசளை குறைகிறது என்று அறிய, மேலிருந்து 14ஆவது ஓலையில் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள். நல்ல விஞ்ஞானம், குறை சொல்லவில்லை. மரம் வாடிய பிறகு பார்ப்பதில் பயனில்லை, முந்திப் பார்க்க வேண்டும் என்பது துரைமாருக்கு நன்றாகத் தெரியும். மரத்தின் ஓலைக்குக் கணக்கில் செலவு எழுத முடிகிறது. மரத்தடியில் நிற்கிறவளின் இரண்டு சொட்டு இரத்தத்துக்கு அரை நாள் எழுத முடியவில்லை.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். சென்னையில் டாக்டர் வி. சேஷையா என்ற நீரிழிவு வைத்தியர் இந்தச் சிக்கலோடு பல வருடங்கள் மல்லுக்கட்டினார். வெறும் வயிற்றோடு வா என்றால் கிராமத்துக் கர்ப்பிணி வரமாட்டாள். வந்தாலும் மயங்குவாள், அடுத்த தடவை வரவே மாட்டாள். ஆகவே அவரும் அவருடைய கூட்டத்தாரும் ஒரு வழி சொன்னார்கள். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடு, இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரே ஓர் ஊசி, 140 தொட்டால் கவனி. தமிழ்நாட்டு அரசு 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சீனி பார்க்க வேண்டும் என்று ஆணை போட்டது. இந்திய அரசு 2014இல் இந்த ஒற்றை ஊசி முறையை நாடு முழுவதற்குமான வழிகாட்டியில் சேர்த்தது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10ஐ அங்கே கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். இந்த முறை சிலரைத் தவறவிட்டுவிடும் என்று வாதாடுகிற வைத்தியர்களும் உண்டு. அவர்கள் வாதாடட்டும். நம் கிளினிக்கில் சொல்கிற முறையைத்தான் நாம் செய்ய வேண்டும். ஆனால் கூலிக்காரி வரக்கூடிய விதத்தில் பரிசோதனையை அமைக்க வேண்டும் என்ற அந்த யோசனை இருக்கிறதே, அதை நம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடம் கேட்போம். மாதத்தில் ஒரு காலை குளுக்கோஸ் பொதியோடு தோட்டத்துக்கு வாருங்கள். பிள்ளைக் காம்பராவில் மேசை போட்டுத் தருகிறோம்.

வரும்போது தமிழ் தெரிந்த ஒருவரையும் கூட்டிவாருங்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அடிக்கடி காண்கிற காட்சி ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கிளினிக் நாளில் வராது. ஏன் என்றால், அம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கும். மிஸ்ஸி சிங்களத்தில் சொல்வதைப் பத்து வயதுப் பிள்ளை தமிழாக்குகிறது. ‘சாப்பிடாமல் வா’ என்றதை ‘சாப்பாட்டைக் கொண்டுவா’ என்று விளங்கிக்கொண்டு, பார்சலோடு போய்த் திரும்பிய தாயும் நம்மில் உண்டு. சிரிக்க வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்கு அவள் கொடுத்தது ஒரு நாள் சம்பளம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் 1987 முதல் எழுதியிருக்கிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். நிர்வாகத்தை மட்டும் ஏசிவிட்டுப் போக நாங்கள் வரவில்லை.

சீனி ஏறிய பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் மருந்து ஏச்சு. ‘கண்டதையும் தின்றாய்.’ மாமியார் சொல்வாள், புருஷனும் சொல்வான். இது அநியாயம். வயது, பரம்பரை, முந்திய கர்ப்பத்தில் சீனி, உடம்பு எடை என்று பல காரணம் உண்டு. இன்னொரு காரணத்தைத் தோட்டக்காரர் நாம் மறக்கக் கூடாது. 1944, 45இல் ஒல்லாந்தில் யுத்தத்தால் ஒரு கொடிய பஞ்சம் வந்தது. அப்போது தாய் வயிற்றில் பட்டினி கிடந்த பிள்ளைகளை ஐம்பது வருடம் கழித்துப் பரிசோதித்தபோது, மற்றவர்களைவிட அவர்களுடைய உடம்பு சீனியைச் சமாளிக்கத் திணறியது. வயிற்றிலேயே பட்டினி பழகிய உடம்பு அது. அப்படியானால் தலைமுறை தலைமுறையாக நிறை குறைந்து லயத்தில் பிறந்த நம் பெண் பிள்ளைகள்? இன்று அவர்களுடைய இரத்தத்தில் ஏறும் சீனிக்கு அவர்கள் தின்ற ஒரு துண்டு தொதலைப் பிடித்துக் குற்றம் சொல்வதா? அவர்களுடைய அம்மம்மாவின் கூலிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

ஆனால் காரணம் எதுவானாலும் இன்று செய்ய வேண்டியது இன்றைய அடுப்படியில்தான் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு சாப்பாட்டாலும் நடையாலுமே சீனி அடங்கும். நம் சாப்பாட்டில் சிக்கல் எது? விடிய ஒரு கோப்பை பிளேன்ரி, மூன்று கரண்டி சீனி, இரண்டு துண்டு பாண். பகல் வரை ஒன்றுமில்லை. பிறகு பசி தாங்காமல் மலை போலச் சோறு. இரத்தத்தில் சீனி விழுந்து எழும்புவது இதனால்தான். அதே சோற்றைப் பிரித்துச் சாப்பிட வேண்டும். மூன்று வேளை அளவாக, இடையில் இரண்டு மூன்று தடவை கொஞ்சமாக. அவித்த கடலை, பயறு, ஒரு முட்டை போதும். கோப்பையில் பாதி கீரையும் மரக்கறியும், கால் பங்கு மீனோ பருப்போ, கால் பங்குதான் சோறு. முருங்கைக் கீரை வேலியில் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை. உடப்புக் கரையில் சூடையும் சாளையும் இறங்கும் நாளில் விலை நம் கைக்கு எட்டும். ‘இரண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்று சோற்றை அள்ளிப் போடும் அன்பு வேண்டாம், அந்த அன்பை மீனில் காட்டுங்கள். கருப்பட்டி இயற்கையானது, அதனால் ஏறாது என்பதும் பொய். செவ்விளநீரும் சீனி இல்லாத தண்ணீர் அல்ல. திரிபோஷ தாய்க்கென்று தருவது, வீட்டில் எல்லோரும் பங்குபோடத் தருவதல்ல.

சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் சீனி இறங்கும். ‘நாள் முழுக்க நடக்கிறாளே’ என்பீர்கள். கூடை சுமப்பது வேறு, சாப்பிட்டபின் கை வீசி நடப்பது வேறு. நாள் முழுக்கக் குந்தியிருந்து தோல் சீவுகிறவளுக்கு அந்த நடையும் இல்லை.

விரதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். உடப்புத் திரௌபதையம்மன் தீமிதிக்கு நேர்ந்து விரதம் பிடிப்போர் உண்டு, ரமழான் நோன்பு பிடிப்போர் உண்டு. சீனி உள்ள கர்ப்பிணி வைத்தியரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்காக ஒரு வருடம் தள்ளிவைத்தால் அம்மன் கோபிக்கமாட்டாள். நோன்பிலும் கர்ப்பிணிக்குச் சலுகை இருக்கிறது.

சாப்பாட்டால் அடங்காவிட்டால் மெட்போமின் குளிசை தருவார்கள், அல்லது இன்சுலின் ஊசி. இன்சுலின் என்றதும் லயமே நடுங்குகிறது. பிள்ளைக்கு ஆகாதாம். முன்பே சொன்னோம், இன்சுலின் பிள்ளைக்குப் போவதில்லை. பிள்ளைக்குக் கேடு செய்வது அடங்காத சீனிதான். பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் குடிப்பதென்றால் வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். அவற்றை நம்பி ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ஊசி போடுகிறவள் நிரையில் திடீரென்று நடுங்கி, வேர்த்து, கண் இருண்டால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுங்கள், பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், தெளியாவிட்டால் ஆஸ்பத்திரி. மயங்கிக் கிடப்பவளின் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் வேலை செய்யும் இரண்டு பேருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். மறைத்து வைப்பது ஆபத்து.

திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். இந்தக் கரையோர வெக்கையில் தகரக் கூரை லயத்தில் அது எங்கே? பாவிக்கிற போத்தலை மண் சட்டியில் ஈர மணலின் நடுவே தண்ணீர் படாமல் வைத்தால் கொஞ்சம் குளிர்ச்சி நிற்கும். மிச்சத்தை வைக்கத் தோட்டத்தில் ஒரு பெட்டி வேண்டும். துரை பங்களாவில் ஒன்று இருக்கிறது, சோடாவுக்கு.

பிள்ளை பிறந்ததும் சீனி பெரும்பாலும் இறங்கிவிடும். அதோடு எல்லோரும் மறந்துவிடுகிறோம். பிரசவத்துக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் மறுபடி பார்க்க வேண்டும், பிறகும் வருடா வருடம். இந்தத் தாய்மாருக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஏறத்தாழப் பத்து மடங்கு என்று 2020இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. தாய்ப்பால் கொடுப்பது இருவருக்கும் நல்லது. சட்டப்படி ஒரு வயது வரை பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை உண்டு. எத்தனை தோட்டத்தில் அது நடக்கிறது என்று தலைவர்மார் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

தலைவர்மாரைப் பற்றியே கடைசியாகப் பேசுவோம். மலைநாட்டில் 1,000 ரூபாவுக்காக வருடக்கணக்கில் போராடினார்கள், நாமும் இங்கிருந்து குரல் கொடுத்தோம். 2021இல் வர்த்தமானி வந்தது. சம்பளப் போராட்டம் பெரிய போராட்டம்தான். ஆனால் கிளினிக் நாள் சம்பளப் பிரச்சினை இல்லையா? ஏழு மாதக் கர்ப்பிணியின் பேர் வெட்டுப்படுவது சம்பளப் பிரச்சினை இல்லாமல் வேறென்ன? கோரிக்கைப் பட்டியலில் இது ஏன் வரவில்லை என்று மாதர் பிரிவுத் தோழியர் கேட்டால், ‘அது பொம்பளைகள் விஷயம், சுகாதாரப் பகுதி பார்க்கும்’ என்று பதில் வருகிறது. சந்தா பிடிக்கும்போது மட்டும் பொம்பளைகளின் காசு என்று ஒதுக்கி வைக்கிறோமா?

அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்க வேண்டியது இது. பதிந்த கர்ப்பிணி அட்டையைக் காட்டினால் கிளினிக் நாளுக்கு முழுப்பேர். எண்ணிக்கைக்கு வேலை செய்கிறவளுக்கு அன்றைக்கு அவளுடைய சராசரிக் கூலி. காலையில் சாப்பிட ஓர் இடைவேளை, நிழலும் தண்ணீரும். ஆறாம் மாதத்திலிருந்து பாரம் தூக்காத வேலை. மருந்து வைக்க ஒரு குளிர்சாதனப் பெட்டி. இதில் எதுவும் தோட்டத்தைக் கடனில் தள்ளாது.

பட்டியல் இன்னும் மூடப்படவில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வருகிற மாதக் கூட்டத்துக்கு ஒரு கணக்கு எழுதிக் கொண்டுவர வேண்டும். இந்த வருடம் எத்தனை கர்ப்பிணிகள், கிளினிக்குக்கு எத்தனை நாள் போனார்கள், எத்தனை நாள் போகாமல் விட்டார்கள், அதனால் எத்தனை பேர் இழந்தார்கள். பெண்களின் பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். கணக்கை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து எழுதினால் திருப்பி அனுப்புவோம்.